வெளிச்சம் விடாத அலமாரி

பிப்ரவரி 9

சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்தது. போனில் கேட்டிருந்தால் பாதியிலேயே வைத்திருப்பேன் என்று தெரிந்துதான் காகிதத்தில் கேட்டிருக்கிறாய். கெட்டிக்காரி. கடிதத்தைக் கடைசி வரி வரை வாசித்துத் தொலைக்க வேண்டியிருக்கிறது. பதிலை மட்டும் முதல் வரியிலேயே தந்துவிடுகிறேன்: படம் வராது.

போன மாதம் விடைத்தாள் திருத்த உன் ஊருக்கு வந்திருந்தேன். உனக்குச் சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் சும்மா இருந்தது, உன் கண்காட்சிக்குப் போனேன். உன் அண்ணன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. உள்ளே போனால் ஓர் அரையிருட்டு அறை. நடுவில் நீளமான மேசை, சுற்றிலும் நாற்காலிகள். மேசைக்கு அடியில் ஒலிபெருக்கி. தட்டு வைக்கிற சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம், யாரோ இருமுகிற சத்தம். சுவரில் உன் பழைய ஓவியங்கள், எல்லாம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு. வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரி. சுவருக்கும் படத்துக்கும் நடுவே விளக்கு. துணி வழியாகக் கசிகிற வெளிச்சத்தை நாங்கள் பார்த்துப் பரவசப்பட வேண்டுமாம்.

மனிதர்களை வரைந்து பேர் வாங்கியவள் நீ. இப்போது நாற்காலியையும் இருமலையும் வைத்துப் பிழைக்கிறாய். இதற்கு நிறுவல் கலை என்று பெயர்ப்பலகை வேறு. நான் பாடம் நடத்துகிற இடத்தில் நிறுவுவது என்றால் தேற்றத்தை நிறுவுவது. நீ எதை நிறுவினாய் என்று நின்று பார்த்தேன். பிடிபடவில்லை.

இதையே ஏப்ரலில் பெரிய கூடத்தில் விரித்துப் போடப்போகிறாய், நடுச்சுவருக்கு ‘நால்வர்’ படம் வேண்டும் என்கிறாய். அது என் சாப்பாட்டு அறையில் தொங்குகிறது. படத்தில், மேசையில் அப்பா, அம்மா, நீ. ஓரத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. அம்மா சாகுமுன் அந்தப் படத்தை என்னிடம்தான் விட்டாள். போட்டோக்களில் எல்லாம் அம்மா கேமராவுக்குப் பயந்த முகத்தோடு இருப்பாள். உயிரோடு இருக்கிற முகம் எனக்கு அந்த ஒரு படத்தில்தான் மிச்சம். அதையும் சுவரைப் பார்க்கத் திருப்பிவைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

குடும்பத்தையே வரைந்தவள் என்னை மட்டும் விட்டுவிட்டாய். அதைப் பற்றி நான் இதுவரை வாயைத் திறந்ததில்லை. இனியும் திறக்கப்போவதில்லை.

அண்ணன்


பிப்ரவரி 17

அண்ணா,

நீ வந்துபோனது எனக்கு முன்பே தெரியும். காவலாளி சொன்னார். “ஒருத்தர் வந்தாரும்மா. பல்பு எத்தனை வாட்டுன்னு கேட்டார். வயர் இப்படித் தொங்கக் கூடாதுன்னார். உக்காருங்க சார், எல்லாரும் உக்காரத்தான் மேசை போட்டிருக்குன்னேன். நிக்கிறேன்னுட்டார். கடைசிவரைக்கும் நின்னார்.”

வேறு யாராக இருக்க முடியும்? மறுநாளே வயரை ஒழுங்காகக் கட்டிவிட்டோம். நன்றி.

படத்தைக் கிழிக்கப்போவதில்லை, ஆணி அடிக்கப்போவதில்லை. விளக்கு சூடாகாத வகை. கண்காட்சி முடிந்ததும் எப்படி வந்ததோ அப்படியே உன் சுவருக்குத் திரும்பிவிடும். இதற்கு மேல் வாதாட எனக்குத் தெம்பில்லை அண்ணா. கூடத்துக்காரர்கள், மின்வேலைக்காரர், தச்சர் என்று பகலெல்லாம் யாரிடமாவது எதையாவது விளக்கிக்கொண்டே இருக்கிறேன். இப்போதெல்லாம் வரைவதைவிட விளக்குவதுதான் அதிகம்.

நடுச்சுவரில் அந்தப் படம் இல்லை என்றால் அறையே நிற்காது. மற்றதெல்லாம் அதைச் சுற்றி யோசித்தது.

உன்னை விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அதற்கு ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். நேரில் சொல்ல வேண்டியது அது. யோசித்துப் பார்.

சின்னவள்


பிப்ரவரி 26

சின்னவளுக்கு,

யோசித்தேன். நீ யோசிக்காத சிலவற்றையும் சேர்த்தே யோசித்தேன்.

முதலாவது, அறிவியல். வகுப்பில் ஒளி நடத்தியே என் முடி நரைத்தது. துறைத் தலைவர் நாற்காலியை என் மாணவனுக்கே கொடுத்தார்கள், அது வேறு கதை. ஒளியை யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை. எண்ணெய் வண்ணம் கண்ணாடி அல்ல. அடியில் வெள்ளைப் பூச்சு, அதன்மேல் வண்ணம், அதன்மேல் மெருகு. உன் மற்ற படங்கள் மெலிதாகப் பூசியவை, கசிகின்றன. ‘நால்வர்’ நீ வருடக்கணக்கில் அப்பியது. அதில் ஒரு மண்ணும் தெரியாது. கூடத்தில் வந்து நிற்கிறவர்கள் கறுப்பான ஒரு துணியைப் பார்த்துவிட்டு, ஆகா, துக்கத்தின் இருள் என்று எழுதிக்கொண்டு போவார்கள். அப்படி எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும். படத்தில் இருப்பது மூன்று பேர். பெயர் ‘நால்வர்’. எண்ணத் தெரியாத ஓவியர் என்று சொல்ல வேண்டியதை, நாலாவது ஆள் பார்வையாளரே என்று ஒரு மேதாவி பத்திரிகையில் எழுதினான். அம்மா அதை வெட்டி வைத்திருந்தாள்.

இரண்டாவது, அம்மா. நீ வருடத்துக்கு இரண்டு தடவை பழக்கூடையோடு வந்துபோன அம்மா வேறு. நான் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, வாயில் ஸ்பூனைத் திணித்த அம்மா வேறு. உன் அண்ணி ஏன் போனாள் என்று ஒருநாளும் நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: ஒரு வீட்டில் இரண்டு பேரைக் கவனிக்க எனக்கு வரவில்லை. போகட்டும். நான் உன்னிடம் கணக்குத் தீர்க்க இதை எழுதவில்லை. நான் பார்த்துக்கொண்ட முகத்தைத் திருப்பிவைக்கிற உரிமை உனக்கு இல்லை என்பதற்காக எழுதுகிறேன்.

உனக்கு வாதம் போதாது, செய்முறைதான் வேண்டும் என்றால் அதையும் செய்துவிடுகிறேன். பூச்சிக்குப் பயந்து படத்தின் பின்பக்கம் ஒரு ஒட்டுப்பலகை அடித்து வைத்திருக்கிறேன். அதைக் கழற்றி, நீ செய்கிற மாதிரியே விளக்கு வைத்துப் பார்த்து, ஒன்றும் தெரியவில்லை என்று எழுத்துமூலம் தெரிவிக்கிறேன். ஆய்வகத்திலிருந்து ஒளிமானி வாங்கி வந்திருக்கிறேன். ஆய்வக உதவியாளர் ஒரு கையெழுத்தை வாங்கிக்கொண்டு, “என்ன சார், படத்துக்கு எக்ஸ்ரேயா?” என்றார். எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்க்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அண்ணன்


மார்ச் 7

அண்ணா,

பலகையைக் கழற்றாதே. தயவுசெய்து. கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் நான் வரும்வரை பொறு. இந்த மாதக் கடைசியில் இரண்டு நாள் கிடைக்கும். நாம் சேர்ந்து பார்க்கலாம். இதை மட்டும் கேள்.

உனக்கு உண்மையான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகைக்காரர்களிடம் சொன்னது வேறு. உருவ ஓவியத்தின் எல்லை, பார்வையாளரின் உடல் என்று ஏதோ சொன்னேன். நன்றாகத்தான் இருந்தது, அச்சிலும் வந்தது.

உண்மை என்னவென்றால், அம்மா போன பிறகு ஒருநாள் அம்மாவை மறுபடி வரைய உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். வந்தது அம்மா இல்லை. ‘நால்வர்’ படத்தில் இருக்கிற அம்மா. இடது கன்னத்தில் நான் வைத்த அதே வெளிச்சம். நான் பூசிய அதே காதோர நரை. திரும்பச் சொன்னால் திரும்பவில்லை. பேசச் சொன்னால் பேசவில்லை. அப்பாவை நினைத்துப் பார்த்தேன். அவரும் அப்படியே, கையில் தம்ளரோடு, நான் வைத்த இடத்தில். என் கையாலேயே நான் அவர்களை அழித்திருக்கிறேன் அண்ணா. ஒரு முகத்தை நன்றாக வரைந்துவிட்டால் அதற்கப்புறம் அந்த முகம் போய்விடுகிறது, படம்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் எத்தனை பேருக்கு இதைச் செய்தேனோ. கன்னத்தை ஒல்லியாக்கு, வயசைக் குறை என்று கேட்டவர்களுக்கெல்லாம் செய்துகொடுத்தேன்.

சத்தம் மட்டும் என்னிடம் மிச்சம் இருந்தது. அதை நான் வரையவில்லை, அதனால் கெடவில்லை. அம்மா தட்டு வைப்பது, அப்பா நாற்காலியை இழுப்பது. அதே மாதிரி தட்டும் நாற்காலியும் தேடித் தேடிப் பதிவு செய்தேன். படங்களைத் திருப்பிவைத்தால், நான் வரைந்தது போய், முன்னால் இருந்தது வருமா என்று பார்க்கத்தான் திருப்பினேன். இன்னும் வரவில்லை. ‘நால்வர்’ திரும்பினால் வரும் என்று ஒரு நப்பாசை.

இதைக் கலை என்று சொல்லலாமா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் முகம் வரைய இனி என்னால் ஆகாது. அலுப்பு. வேறு வார்த்தை தெரியவில்லை.

பலகையைக் கழற்றாதே.

சின்னவள்


மார்ச் 11

உன் கடிதம் நேற்று வந்தது. நான் ஞாயிற்றுக்கிழமையே கழற்றிவிட்டேன்.

மதியம். ஜன்னல்களை அடைத்து, படத்தை இறக்கி, ஆணிகளைப் பிடுங்கி, உன் முறைப்படியே சுவரைப் பார்க்கத் திருப்பி, நடுவில் மேசை விளக்கைச் செருகினேன். நான் தவறாகக் கணித்திருந்தேன். வெளிச்சம் வந்தது. அப்பா இருந்த இடம் பழுப்பாக, அம்மா இருந்த இடம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக, மேசைத் துணி எல்லாவற்றையும்விட நன்றாக. ஒளிமானியில் எண்கள் குறித்திருக்கிறேன், அவை இப்போது வேண்டாம்.

அலமாரி விடவில்லை. ஒரு பொட்டு வெளிச்சம் விடவில்லை. அடர்த்தியான கறுப்பு. ஆனால் அந்தக் கறுப்பு அலமாரி வடிவத்தில் இல்லை. அலமாரிக்கு நாலு மூலை இருக்க வேண்டும். இதற்குத் தலை இருக்கிறது. ஒரு தோள் மற்றதைவிட இறங்கியிருக்கிறது. எனக்கும் அப்படித்தான், உனக்குத் தெரியும். கை மேசைமேல் இருக்கிறது.

ஆக, என்னை விடவில்லை. என்னைப் போட்டு, அதன்பின் மூடியிருக்கிறாய். விட்டிருந்தால் மறதி என்று எடுத்துக்கொள்ளலாம். இத்தனை வருடம் அப்படி எடுத்துக்கொள்ளத்தான் முயன்றேன். இது மறதி இல்லை. இத்தனை கனமாக ஒரு மனிதனை மூடுவதற்கு எவ்வளவு உழைத்திருக்க வேண்டும். அந்தப் படத்துக்கு உனக்கு விருது கொடுத்தது இந்த உழைப்புக்குத்தான் போல. நான் தினமும் என் மேல் பூசிய அலமாரியைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

யார் சொல்லி மூடினாய்? அப்பாவா?


மார்ச் 19

அண்ணா,

சேர்ந்து பார்க்கலாம் என்று இதற்காகத்தான் சொன்னேன்.

அப்பா சொல்லவில்லை. அப்பா அந்தப் படத்தை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. தம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்காரச் சொன்னால் உட்காருவார், முடிந்ததா என்று கேட்டுவிட்டு எழுந்து போவார்.

எல்லாம் ஆரம்பித்தது நீ படிப்பு முடித்து வேலை கிடைக்காமல் இருந்த வருடம். ஒருநாள் மேசையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். நீ தட்டை எடுக்கக் கையை நீட்டினாய். அப்பா சொன்னார், “சம்பாதிக்கிறவங்க முதல்ல சாப்பிடட்டும்.” நீ கையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாய். அவ்வளவுதான். அப்புறம் வேலை கிடைத்தது, சம்பளம் வந்தது, நீ மேசைக்கு வரவில்லை. எல்லோரும் முடித்த பிறகு சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடுவாய். அம்மா தட்டை மூடி வைப்பாள்.

அந்தப் படத்தை நான் நாலு பேருக்காகத்தான் ஆரம்பித்தேன். நீ இல்லாமல் மற்ற மூவரையும் முடித்தேன். உன்னை நினைவிலிருந்து வரைந்தேன். அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். “இது அவன் இல்ல,” என்றாள். எனக்கும் தெரிந்தது. நீ அந்த மேசையில் எப்படி உட்காருவாய் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. சுரண்டாமல் அதன்மேலேயே மறுபடி வரைந்தேன். “இதுவும் இல்ல.” மறுபடி. ஒன்றில் நீ சிரித்தாய், ஒன்றில் கோபமாக இருந்தாய், ஒன்றில் தலை குனிந்திருந்தாய். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக எல்லாம் நீதான். அதனால்தான் வெளிச்சம் போகவில்லை. அலமாரி கடைசியில் பூசிய மெல்லிய பூச்சு மட்டும். அதற்கு அடியில் இருக்கிற கனம் நீ.

கடைசியில் அம்மா சொன்னாள், “விடு. அவனா வந்து ஒருநாள் உக்காரட்டும். அப்ப பாத்து வரைஞ்சுக்க.” காலி நாற்காலியாக விட எனக்கு மனசு வரவில்லை. அடுத்த வாரம் வருவாய், அதற்கடுத்த வாரம் வருவாய் என்று தற்காலிகமாக ஓர் அலமாரி. பெயரை மட்டும் மாற்றவில்லை. பார்வையாளர் என்று அந்த ஆள் எழுதினதை அம்மா ஏன் வெட்டி வைத்தாள் என்று எனக்குத் தெரியும். நாலாவது ஆள் உண்டு என்று ஒருவராவது எழுதினாரே என்றுதான்.

நான் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பாய். நீ எங்கே கேட்டாய்? வாயைத் திறக்கப்போவதில்லை என்று நீ எழுதியது உண்மைதானே. நானும் உன் தங்கைதான்.

படம் வேண்டாம் அண்ணா. உன்னிடமே இருக்கட்டும். நடுச்சுவருக்கு வேறு ஏதாவது பார்த்துக்கொள்கிறேன். பலகையை மட்டும் திரும்ப அடிக்கும்போது சின்ன ஆணியாக அடி.

சின்னவள்


ஏப்ரல் 1

சின்னவளுக்கு,

நீ எழுதியதில் ஒரு திருத்தம். அப்பா சொன்னது சரி, சொற்கள்கூடச் சரி. நான் எழுந்து போனதும் சரி. நான் வேண்டுமென்றே வராமல் இருந்தேன் என்பதுதான் தவறு. கோபம் ஒரு மாதம் இருந்திருக்கும். அதற்குமேல் எந்தக் கோபமும் ஒரு மனிதனைச் சமையலறையில் நிற்கவைக்காது. கால் வலிக்கும். அதற்கப்புறம் நான் நின்றது யாராவது கூப்பிடுவார்கள் என்று. வாசல் வரை வந்து, மேசையில் நீங்கள் மூவரும் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டுவிட்டு, திரும்பிப் போன நாட்கள் உண்டு. அவனா வந்து உட்காரட்டும் என்று அம்மா சொன்னாளாம். வா, உட்கார் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று பேர் இருந்தீர்கள். ஒருவருக்கும் வாய் வரவில்லை. என் படத்தை அத்தனை தடவை வரைந்தவளுக்கு, எழுந்து பத்தடி நடந்து வர முடியவில்லை.

இது போகாது. நான் செத்தாலும் போகாது. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது. அம்மா முகம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். என்னிடம் இருக்கிறது. வேண்டுமானால் எடுத்துக்கொள். அம்மாவுக்கு இடது கண் வலதைவிடக் கொஞ்சம் சின்னது. சிரித்தால் கிட்டத்தட்ட மூடிவிடும். நீ இரண்டையும் ஒரே அளவில் வரைந்திருக்கிறாய். அதனால்தான் அவள் உன்னிடம் பேசவில்லை. நாம் எதையாவது சொல்லும்போது, அதையே அவளும் சொல்வதுபோல உதடு சத்தமில்லாமல் கூடவே அசையும். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற பிள்ளை மாதிரி. கடைசி வருடத்தில் கன்னம் வற்றி மூக்கு மட்டும் பெரிதாகிவிட்டது, அதை அவளே கண்ணாடியில் பார்த்து, “யாருடா இந்தக் கிழவி, மூக்கை மட்டும் எங்கிட்ட இருந்து திருடியிருக்கா,” என்றாள்.

இன்னொன்று. இதை யாரிடமும் சொன்னதில்லை. கடைசி மாதங்களில் அவள் என்னை அப்பா என்று நினைத்துக்கொண்டாள். சாயங்காலமானால் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடமே என்னைப் பற்றி விசாரிப்பாள்.

“அவன் சாப்ட்டானா?”

“சாப்ட்டான்.”

“நின்னுக்கிட்டா?”

“இல்ல, உக்காந்துதான்.”

“நீங்க கூப்ட்டீங்களா?”

ஆமாம், கூப்பிட்டேன் என்பேன். நல்லது என்று சொல்லிவிட்டுத் தூங்குவாள். அடுத்த நாள் மறுபடி கேட்பாள். அந்த ஆள் உயிரோடு இருந்தபோது செய்யாததை, அவர் சார்பில் நான் தினமும் செய்துகொண்டிருந்தேன்.

படத்தைப் பற்றி. அனுப்ப மாட்டேன் என்று சொல்லவில்லை, இப்போது அனுப்ப முடியாது என்கிறேன். பலகையை இன்னும் அடிக்கவில்லை. படம் திரும்பியபடியேதான் இருக்கிறது, விளக்கும் அங்கேயே இருக்கிறது. அம்மா போனதிலிருந்து நான் சாப்பாட்டு மேசையில் புத்தகம்தான் வைத்திருந்தேன். பழக்கதோஷம், சமையலறையிலேயே முடித்துக்கொள்வேன். புத்தகங்களை ஒதுக்கிவிட்டேன். இப்போது விளக்கைப் போட்டுவிட்டு, அதற்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். பழுப்பாக இரண்டு பேர், நீ கொஞ்சம் மங்கல், அப்புறம் அந்தக் கறுப்பு. யாரும் ஒன்றும் பேசுவதில்லை. சாப்பாடு ஆறிப்போகிறது, அது வேறு. கொஞ்ச நாள் போகட்டும்.

அண்ணன்


ஏப்ரல் 8

அண்ணா,

உன் கடிதத்தை மூன்று இடங்களில் கீழே வைத்துவிட்டுத்தான் வாசிக்க முடிந்தது. இடது கண்ணில் நின்றுவிட்டேன். உடனே அம்மா வந்தாள். திரும்பிக்கூடப் பார்த்தாள். மூக்கைப் பற்றிச் சொன்னது உன் காதில் எப்படி விழுந்ததோ, என் காதில் அவள் குரலிலேயே விழுந்தது.

பத்தடி பற்றி நீ எழுதியது சரி. நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

படத்தை அவசரமாக அனுப்ப வேண்டாம். நடுச்சுவரைக் காலியாக விட்டிருக்கிறேன். விளக்கு மட்டும் எரியும். கூடத்துக்காரர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும். என்றைக்காவது கொண்டுவருவதானால் லாரியில் போடாதே, நீயே கொண்டு வா. விளக்கை எவ்வளவு தள்ளி வைப்பது என்று நீதான் அளந்து வைத்திருக்கிறாய்.

படம் இல்லாமலும் வரலாம். காவலாளியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கு ஞாபகம் இருக்கும், மேசைக்கு வலப்பக்கம் கடைசி நாற்காலி, வீட்டில் உன் இடம். திறப்பு விழாவுக்கு முதல் நாள் மதியம் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். நான் மட்டும்தான் இருப்பேன். சாப்பாடு வாங்கி வைக்கிறேன்.

அண்ணா, வா. உட்கார்.

சின்னவள்